பனிமாதா கோயிலைக் கொளுத்தியவள்

விலோவா பள்ளத்தாக்கின் பனிமாதா கோயில் யேலாவின் ஆயுசில் மூன்று தடவை எரிந்தது. முதல் தடவை அவள் சின்னப் பெண், நின்று அழுதாள். இரண்டாம் தடவை குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தாள். மூன்றாம் தடவை அவளே கொளுத்தினாள். கடற்கரைப் பக்கம் வந்து குடியேறிய எங்கள் ஜனத்தில் இன்றைக்கும் அவள் பேரைச் சொன்னால் பாதிப்பேர் காறித் துப்புவார்கள், பாதிப்பேர் சிலுவை போட்டுக்கொள்வார்கள். இரண்டு பாதிக்கும் நடந்தது முழுசாகத் தெரியாது. உனக்கு மட்டும் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். யேலா சாகக் கிடந்தபோது அவள் வாயில் பால் ஊற்றியவள் என் தாய். போதுமா?

எங்கள் பள்ளத்தாக்குக்கு மேற்கே மலை. மலைக்கு அந்தப் பக்கம் வெனிஸ்காரன் ராஜ்ஜியம், இந்தப் பக்கம் சுல்தான் ராஜ்ஜியம். இரண்டு பேரும் சண்டை போட வருவது எங்கள் வயலில். பசித்தால் அறுப்பது எங்கள் ஆட்டை. கோபம் வந்தால் கொளுத்துவது எங்கள் கோயிலை. கோயிலைச் சேர்ந்தது ஒரு மடம். மடம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ளாதீர்கள். நாலு அறை, மரப்பலகை வேய்ந்த ஒரு கோயில், அதற்கு அடியில் ஒரு நிலவறை, அவ்வளவுதான். மணி அடிக்க அனுமதி கிடையாது, பலகையைத் தட்டித்தான் பூசைக்குக் கூப்பிடுவார்கள். மடத்துச் சாமியார்களும் எங்களை மாதிரியே முரட்டுக் கம்பளிச் சட்டையும் மீசையுமாகத் திரிவார்கள். வாய்தவறி 'சாமி' என்று கூப்பிட்டு, அது வழியில் போகிற சிப்பாயின் காதில் விழுந்தால் தலை போய்விடும். அதனால் தலைமுறை தலைமுறையாக அவர்கள் எங்களுக்கு மாமாக்கள். செய்த பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனம்கூட மாமாவிடம்தான் செய்வோம்.

யேலாவின் அப்பன் மடத்து ஆட்டு இடையன். அவள் சின்னவளாக இருந்தபோது ஒரு கோடையில், சண்டையில் தோற்ற சுல்தான் பட்டாளம் ஒன்று பள்ளத்தாக்கு வழியாகத் திரும்பியது. ஜெயித்தவர்களாவது குடித்துவிட்டுப் படுப்பார்கள். தோற்றுவந்த இவர்களுக்கு யாரையாவது அடித்தால்தான் தூக்கம் வரும்போல் இருந்தது. தலைமை மாமாவைப் பிளம் மரத்தில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டு, கீழே வைக்கோலைப் பற்றவைத்தார்கள். யேலாவின் அப்பன் கோயில் வாசலில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான். பைத்தியக்காரன், ஒரு மனுஷன் கையை விரித்தால் பட்டாளம் நின்றுவிடுமா? அவனை அங்கேயே வெட்டிப் போட்டு, அவன்மேல் மிதித்துத்தான் உள்ளே போனார்கள். கோயில் எரிந்து கூரை சரிந்தபோது அவனும் அதற்குள் போய்விட்டான். மறுநாள் சாம்பலைக் கிளறிப் பார்த்தார்கள். எது கட்டை, எது எலும்பு என்று பிரிக்க முடியவில்லை. அப்படியே மட்டம் தட்டி, அதன்மேலேயே புதுத் தரை போட்டார்கள்.

அந்த வருஷமே யேலாவின் தாய் அவள் வலது கையில் மணிக்கட்டிலிருந்து விரல்வரை சிலுவை சிலுவையாகப் பச்சை குத்திவிட்டாள். எங்கள் பெண்கள் எல்லோருக்கும் குத்துவதுதான். யார் தூக்கிக்கொண்டு போனாலும் இவள் யார் வீட்டுப் பெண் என்று அந்தக் கை சொல்லிவிடும் அல்லவா?

இரண்டாம் தடவை கொளுத்தியவர்கள் நம்மாட்களே. வெட்கக்கேடு, வேறென்ன சொல்ல. மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வெனிஸ்காரன் பேரைச் சொல்லிக்கொண்டு வந்து கொள்ளையடிக்கிற கிறிஸ்தவக் கூட்டத்துக்கு ஹைதூக் என்று பெயர். மழைக்கு ஒதுங்கிய சுல்தான் குதிரைப்படை கோயிலுக்குள் படுத்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, கதவைச் சாத்திக் கூரைக்கு நெருப்பு வைத்துவிட்டார்கள். மாதா படத்தை மட்டும் ஒரு மாமா ஜன்னல் வழியாக வெளியே எறிந்து காப்பாற்றினார். யேலாவுக்கு அப்போது கல்யாணமாகி வயிற்றில் பிள்ளை. வீங்கிய காலோடு ஆற்றிலிருந்து தண்ணீர் சுமந்து சுமந்து கொட்டினாள். உள்ளே ஆட்கள் கத்திய கத்தல் அவள் காதில் வெகுகாலம் இருந்தது. கூரை விழுந்த பிறகுதான் கத்தல் நின்றது.

அவள் புருஷன் ஸ்திபான் கொத்தன். கை சுத்தம், வாய் மோசம், கோபம் மூக்கு நுனியில். கோயிலைத் திரும்பக் கட்ட அவன்தான் முன்னால் நின்றான். பட்டணத்து நீதிபதியிடமிருந்து அனுமதி வந்தது: பழைய அஸ்திவாரத்தின்மேல், பழைய உயரத்துக்குக் கட்டிக்கொள்ளலாம், ஒரு விரற்கடை கூடக்கூடாது. அளந்து பார்க்க வந்தவன் சாலிஹ். அந்த எல்லைக் காவலுக்குத் தலைவன். எதிர்மேட்டில் இருந்த கல்கோபுரம் அவன் வீடு. எங்கள் பாஷை பேசுகிறவன், எங்கள் ஆற்றில் மீன் பிடித்து வளர்ந்தவன், தொழுவது மட்டும் வேறு திசை பார்த்து.

சாலிஹின் ஆட்கள் கயிற்றைப் பிடித்துச் சுவரை அளந்தார்கள். சாலிஹ் புருவத்தை நெரித்தான்.

"எங்கேருந்துடா அளந்தே, கொத்தா?"

சாரத்தின் மேலிருந்து ஸ்திபான் சொன்னான். "தரையிலேருந்துதான். பின்னே மேகத்துலேருந்தா அளப்பாங்க?"

கீழே இருந்தவர்கள் சிரித்தார்கள். சாலிஹும் சிரித்தான், பொய் சொல்லக் கூடாது. சிரித்துக்கொண்டே வாசலில் தோண்டச் சொன்னான். சாம்பல், கரி, உருகிய ஈயம், மறுபடி சாம்பல். எல்லாவற்றுக்கும் கீழே ஆதியில் போட்ட வாசற்படிக்கல் இருந்தது. ஸ்திபான் மறந்துபோனது அதைத்தான். ஒரே இடத்தில் எரிந்து எரிந்து கட்டின கோயிலுக்குத் தரை ஏறிக்கொண்டே போகும். அந்தப் படிக்கல்லிலிருந்து கயிறு பிடித்தால், சுவர் முழங்கால் உயரம் கூடுதலாக நின்றது.

"இடி," என்றான் சாலிஹ்.

"எதை இடிக்கச் சொல்றே? கூட இருக்கறது செவரு இல்ல, சாம்பல். என் மாமனார் எலும்பு கெடக்கு அதுல. அதையும் ஒசரத்துல சேர்ப்பியா?"

"எனக்குப் புரியுதுடா. கயித்துக்குப் புரியாதே. நான் விட்டுட்டுப் போனா பட்டணத்துல என் தலையை எடுப்பான். எறங்கி இடி."

"நீ ஏறி இடிச்சுக்கோ!"

சொன்னதோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையில் இருந்த சுத்தியலை வீசிவிட்டான். அது நேராகப் போய்ச் சாலிஹின் தாடையில் விழுந்தது. உதடு கிழிந்து, பல் நாலைந்து ரத்தத்தோடு தரையில் சிதறியது. சாலிஹ் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு மறு கையால் துப்பாக்கியை உருவிச் சுட்டான். ஸ்திபான் சாரத்திலிருந்து சுண்ணாம்புக் குழியில் விழுந்தான். இடுப்பில் கைக்குழந்தையும் தலையில் கூழ்ப்பானையுமாக யேலா அப்போதுதான் வந்துகொண்டிருந்தாள். புருஷன் சுண்ணாம்பில் புரண்டு புரண்டு அடங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பானை எப்போது விழுந்தது என்று அவளுக்குத் தெரியாது.

எங்கள் மலையில் ரத்தத்துக்கு ரத்தம். ஸ்திபானுக்கு அண்ணன் தம்பி இல்லை. பழி தொட்டிலில் கிடந்த மகன் மியாத்தின் தலைக்கு வந்தது. சாலிஹுக்கு நாலு தம்பிகள். குட்டியாக இருக்கும்போதே கழுத்தைத் திருகிவிட்டால் நாளைக்குக் கத்தியோடு வரமாட்டான் என்ற கணக்கு அவர்களுக்கும் தெரியும். மடத்தின் பாவோ மாமா ஒருநாள் யேலாவின் குடிசைக்கு வந்தார்.

"யேலா, அந்த நாலு பயலுகளும் நேத்து உன் வாசலைச் சுத்திட்டுப் போயிருக்கானுங்க. புள்ளை நடக்கற வரைக்கும் விட்டுவைக்க மாட்டானுங்க."

"அதுக்கு நான் என்ன செய்யணும்?"

"மொத முடி எடுக்கச் சாலிஹையே கூப்பிடு."

ஆடு மயிர் கத்தரித்துக்கொண்டிருந்தவள் கத்தரியோடு எழுந்தாள். "மாமா, நீ சாமியாரா, தரகனா?"

"ரெண்டும்தான்டி. இந்தப் பள்ளத்தாக்குல ஒண்ணா மட்டும் இருந்தா நான் எப்பவோ செத்திருப்பேன். செத்த புருஷனுக்காக அழணும்னா அழு. இல்ல, உசுரோட இருக்கற புள்ளை வேணும்னா நான் சொல்றதைக் கேளு."

விஷயம் இதுதான். பிள்ளையை மடியில் உட்காரவைத்து முதல் முடி வெட்டுகிறவன், எந்த மதமானாலும், அன்றிலிருந்து அந்தத் தாய்க்கு அண்ணன், பிள்ளைக்கு மாமன். அந்த உறவில் கை ஓங்கக் கூடாது. ஓங்கினவன் கை வாடிப்போகும், அவன் பிள்ளைகள் குருடாய்ப் பிறக்கும் என்று துருக்கனும் நம்புவான், நாங்களும் நம்புவோம். வாசலில் வந்து நின்றால் கதவைச் சாத்தக் கூடாது. கொலைப்பழியைக்கூட அது அறுத்துவிடும்.

யேலா ஒத்துக்கொண்டாள். புருஷனைக் கொன்றவன் மடியில் தன் பிள்ளையைத் தன் கையாலேயே வைத்தாள். அவளுடைய கத்தரியால்தான் சாலிஹ் முடியை வெட்டினான்.  கோணிப்போன வாயை மறைக்க வளர்த்திருந்த மீசையைக் குழந்தை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துச் சிரித்தது. சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள்.

"இனிமே நீ எனக்குத் தங்கச்சி," என்றான் சாலிஹ்.

'சரி, அண்ணே' என்று அவள் சொல்ல வேண்டும். பாவோ மாமா இருமினார்.

"சரி," என்றாள். அண்ணே வரவில்லை. எத்தனையோ வருஷம் அது வரவே இல்லை.

சாலிஹ் வாக்குத் தவறவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். இடித்துக் குறைத்த சுவருக்கு மேலே கூரை போட அவனே மரம் அனுப்பினான். பட்டாளம் வரும்போதெல்லாம் கோயில் வாசலில் குதிரையை நிறுத்திக்கொண்டு, "இது என் தங்கச்சி கும்பிடற இடம், நகருங்கடா" என்பான். அவர்கள் பண்டிகைக்கு ஆட்டுக்கால் வரும். கிறிஸ்து உயிர்த்தெழுந்த நாளான எங்கள் பாஸ்காவுக்கு யேலா சிவப்பு முட்டைகளைக் கூடையில் வைத்து, அவன் முகத்தைப் பாராமல் கொடுத்துவிட்டு வருவாள். மியாத்துக்கோ அவன் மீசை மாமா. குதிரை ஏறப் பழகியது அவனிடம், குறிபார்க்கப் பழகியது அவனிடம். அப்பன் சாரத்திலிருந்து தவறி விழுந்து செத்தான் என்றே ஊர் முழுக்க மியாத்திடம் சொல்லிவைத்திருந்தது. யேலாவுக்கு வயிறு எரியும். ஆனாலும் பல்லைக் கடித்துக்கொள்வாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: மியாத் சாகக் கூடாது. அப்பனைத் தின்றது இந்தக் கோயில், புருஷனைத் தின்றது இந்தக் கோயில், இவனையாவது விட்டுவைக்கட்டும்.

மீசை முளைத்த வயதில் ஒருநாள் மியாத் வெள்ளிப் பொத்தான் வைத்த சிவப்புச் சட்டையோடு வந்து நின்றான்.

"மீசை மாமா குடுத்தாரு அம்மா! எப்படி இருக்கு? எங்கப்பன் இருந்திருந்தாக்கூட எனக்கு இப்படிச் செஞ்சிருப்பானா?"

பால் காய்ச்சிக்கொண்டிருந்த யேலாவுக்கு எங்கிருந்துதான் வந்ததோ. "உங்கப்பனைச் சுட்டுக் கொன்னதே அவன்தான்டா!"

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது.  மியாத் சட்டையைக் கழற்றி அடுப்பில் போட்டான். வெற்று உடம்போடு மலைப்பக்கம் நடந்தான். யேலா பின்னாலேயே ஓடினாள், காலைப் பிடித்தாள், அவன் உதறிவிட்டுப் போனான். திரும்பி வந்தவள் தன் வாயிலேயே அறைந்துகொண்டாள். உதடு வீங்கும்வரை அறைந்துகொண்டாள். அந்த வாய் ஒரு நிமிஷம் சும்மா இருந்திருந்தால் பிள்ளை வீட்டில் இருந்திருப்பான்.

மியாத் ஹைதூக் ஆனான். ரோக்கோ என்ற ஒருவனின் கூட்டத்தில் சேர்ந்திருப்பதாகச் சேதி வந்தது. ரோக்கோவின் ஆட்கள் வெட்டின தலைகளை மயிரால் முடிபோட்டுச் சேணத்தில் தொங்கவிட்டுக்கொண்டு போவார்கள். அப்படி ஒரு தலையோடு மியாத்தைப் பார்த்ததாக ஒரு உப்பு வியாபாரி சொன்னான். யேலா அவனுக்கு மோர் கொடுத்துக்கொண்டிருந்தாள், குவளையைப் பிடுங்கிக்கொண்டாள்.

அப்புறம் பெரிய யுத்தம் வந்தது. வெனிஸ்காரன் ஒரு பக்கத்திலிருந்து ஏறிவர, சுல்தான் பட்டாளம் மறுபக்கத்திலிருந்து வர, நடுவில் நின்றால் மண்ணோடு மண்ணாக வேண்டியதுதான். பாவோ மாமா முடிவு செய்தார். பள்ளத்தாக்கு முழுக்கக் கிளம்பி மலையைத் தாண்டிவிடுவது, வழித்துணையாகப் பின்னால் ரோக்கோவின் கூட்டம் வரும். மாதா படத்தைக் கம்பளியில் சுற்றிக் கழுதைமேல் கட்டினார்கள். எடுத்துப் போக முடியாத பெட்டி, கட்டில், வைக்கோல் எல்லாவற்றையும், என்றைக்காவது திரும்பி வருவோம் என்ற நப்பாசையில், கோயிலுக்குள் திணித்தார்கள். விடிந்ததும் ஜனம் நகர்ந்தது. யேலா மட்டும் வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

"என் புள்ளை அந்தக் கூட்டத்துலதான் வரான். அவனைக் கூட்டிட்டுத்தான் வருவேன், மாமா."

கிழவராகிவிட்ட பாவோ மாமா சாவியை அவள் கையில் கொடுத்தார். "ஆத்துக்கு அந்தப் பக்கம் பட்டாளம் வந்தாச்சு. சாலிஹ் தம்பிங்கதான் முன்னாடி வரானுங்களாம். வெயில் ஏறுறதுக்குள்ள அவனை இழுத்துட்டு வந்துடு. இல்லாட்டி ரெண்டு பேரையும் மறந்துட வேண்டியதுதான்."

அவர்கள் போய்ச் சற்று நேரத்தில் எதிர்மேட்டில் கல்கோபுரத்திலிருந்து புகை எழுந்தது. துப்பாக்கிச் சத்தம் கேட்டது. பிறகு ஒரு குதிரை ஆற்றங்கரை வழியாக வந்தது. மேலே இருந்தவன் இறங்கவில்லை, விழுந்தான். சாலிஹ். வயிற்றைப் பிடித்திருந்த கைக்கு மேலாகக் குடல் தெரிந்தது.

"பாவோ எங்கே?"

"போயாச்சு. எல்லாரும் போயாச்சு."

"நீ ஏன் போகல?"

"உன்னைக் கேட்டுட்டுப் போகணுமா?"

இத்தனை வருஷமும் அவள் கண்ட கனவு இதுதான். இவன் இப்படி மண்ணில் கிடக்க வேண்டும், தான் நின்று பார்க்க வேண்டும். இதோ கிடக்கிறான். ஆனால் அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. முடியெடுத்தவன் வாசலில் வந்து கிடந்தால் கதவைச் சாத்தக் கூடாது. அக்குளில் கைகொடுத்து உள்ளே இழுத்தாள். அசைத்தபோதெல்லாம் அவன் கதறிய கதறலில் தூணில் இருந்த புறாக்கள் பறந்தன. கருவாலி மரக் கதவைச் சாத்தி இரும்புத் தாழ்ப்பாளைப் போட்டாள்.

"யார் பண்ணினது? மியாத்தா?"

சாலிஹ் தலையை ஆட்டினான். "நீட்டினான். எதிர்ல நின்னு நெஞ்சுக்கு நேரா நீட்டினான். கை நடுங்கிச்சு. சுடலை. பக்கத்துல இருந்தவன் சுட்டுட்டான்."

யேலாவுக்கு உயிர் வந்தது. பிள்ளையின் கை இன்னும் சுத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்குள் வெளியே குளம்புச் சத்தம். ரோக்கோவின் குரல் கேட்டது.

"ரத்தம் படியிலயே கெடக்குடா மியாத்! போ, மாமனைப் போய்ப் பாரு! உங்கப்பனைக் கொன்னவனைக் குறி தப்பாம நின்னு பார்த்தியே, சிங்கம்! தலையை நீ எடுக்கறியா, இல்ல துருக்கன் மடியில வளர்ந்த நாய்க்குட்டின்னு நாங்க ஊரெல்லாம் சொல்லட்டுமா?"

கதவில் இடி விழுந்தது. "அம்மா, தொற. உள்ளே நீ இருக்கேன்னு தெரியும்."

"தொறக்க மாட்டேன்டா! ஆத்துக்கு அந்தப் பக்கம் பட்டாளம் வந்துட்டுது. ஓடிப் போயிடு, உன் காலைப் புடிக்கறேன்!"

"அவன் தலை இல்லாம நான் போகமாட்டேன்."

சுவரில் இருந்த துவாரம் வழியாக யேலா பார்த்தாள். ஆற்றுக்கு அப்பால் தூசி எழும்பியிருந்தது. இந்தப் பக்கம் ஹைதூக்குகள் மடத்து உத்தரம் ஒன்றைத் தூக்கிக் கதவை இடிக்கத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். அவள் பார்த்ததைத் திரும்பி வந்து சொன்னாள். சாலிஹ் மெல்லப் பேசினான்.

"தங்கச்சி, கேளு. என் தலையோட அவன் போனா என் தம்பிங்க கடல் வரைக்கும் விடமாட்டானுங்க. தலை கெடைக்கலன்னு இங்கேயே நின்னான்னா இன்னைக்கே செத்தான்."

 யேலாவின் கண் கூரைவரை அடைத்திருந்த வைக்கோலில் நின்றது. சாலிஹ் அதைக் கவனித்தான்.

"அதுதான் வழி. தலையே எரிஞ்சு போச்சுன்னா அவனுக்கு இங்கே நிக்க வேலை இல்ல," என்றான்.

"நிலவறையிலேருந்து வெளியே போக ஒரு சந்து இருக்கு. உன்னை இழுத்துட்டுப் போறேன்." அவன் தோளைப் பிடித்து ஒருமுறை இழுத்தாள். அவன் அலறினான். அந்த அலறலுக்கு வெளியே ரோக்கோ கூட்டம் சிரித்தது.

"விடு. நான் எங்கே வர்றது, குடலைக் கையில புடிச்சிட்டு? நீ போ. பையன் கையால மட்டும் வேண்டாம். அவன் என் மடியில உக்காந்தவன்."

கதவு அதிர்ந்தது. ஒரு கீல் பெயர்ந்தது. யேலா அடுப்பு மூட்ட இடுப்பில் முடிந்து வைத்திருந்த சக்கிமுக்கிக் கல்லை எடுத்தாள். முதல் பொறி பிடிக்கவில்லை. சாலிஹ் தன் இடுப்புத் துணியை அவிழ்த்து, சுருட்டி, பற்களுக்கிடையே வைத்துக்கொள்ளப் போனான். எதற்கு என்று அவளுக்கு உடனே புரிந்தது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

"அண்ணே," என்றாள்.

அவன் கோணவாயால் சிரிக்கப் பார்த்தான். "இப்பத்தான் வாய் வந்துச்சா?" என்றான். பிறகு துணியைக் கடித்துக்கொண்டான்.

வைக்கோல் பற்றியது. யேலா நிலவறைக்குள் இறங்கினாள். உடனே வெளியேறியிருக்கலாம், ஆனால் சந்தின் வாயில் அப்படியே நின்றாள். தலைக்கு மேலே நெருப்பு இரைந்தது. தரையில் ஒருவன் குதிகாலால் உதைக்கிற சத்தம் கேட்டது. உதைத்தது, நின்றது, மறுபடி உதைத்தது. வெகுநேரம் கேட்டது. அவன் வாயிலிருந்து மட்டும் ஒரு சத்தமும் வரவில்லை.

அவள் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்தபோது கூரை முழுக்க எரிந்துகொண்டிருந்தது. ஹைதூக்குகள் உத்தரத்தைப் போட்டுவிட்டு விலகி நின்றார்கள். மியாத் மட்டும் கதவுக்கு மிக அருகில், முடி பொசுங்க, காதைக் கூர்மையாக்கிக்கொண்டு நின்றான். மேல்சட்டையைக் கழற்றித் தண்ணீரில் நனைத்துத் தலையில் போட்டிருந்தான். உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தால் பாய்ந்திருப்பான். வெட்டப் பாய்ந்திருப்பானா, தூக்கிவரப் பாய்ந்திருப்பானா, அது அவனுக்கே தெரிந்திருக்காது. எதற்குப் பாய்ந்திருந்தாலும் திரும்பி வந்திருக்க மாட்டான்.

"மியாத்!"

திரும்பினான். அம்மா வெளியே நிற்பதைக் கண்டு அவன் முகம் முதலில் மலர்ந்தது, பிறகு மாறியது.

"நீயா கொளுத்தினே?"

"நான்தான்."

ஓங்கி அறைந்தான். யேலா கீழே விழுந்தாள். "என் பழி அது! நீ யாரு அதை எடுக்க? சொல்லு, நீ யாரு?" அவளைத் தூக்கி மறுபடி அறைந்தான். அவள் வாயில் ரத்தம் வழிந்தது. அவள் அவன் கையை மட்டும் விடவில்லை. அந்த நேரத்தில் கூரை உள்ளே சரிந்தது. கருகின பலகைகள் எங்கும் பறந்தன. ரோக்கோவின் ஆள் ஒருவன் ஆற்றைக் காட்டிக் கத்தினான். பட்டாளம் ஆற்றில் இறங்கிவிட்டது.

"தலையும் போச்சு, கோயிலும் போச்சு. நல்ல அம்மாடா உனக்கு," என்று துப்பிவிட்டு ரோக்கோ குதிரையைத் திருப்பினான். அவன் கூட்டமும் பின்னால் போனது. மியாத் அசையாமல் நின்றான். யேலா அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். வைக்கோலைக் கொளுத்தியபோதே பச்சை குத்தின அவள் வலது கை பொசுங்கி, சிலுவைகள் தோலோடு உரிந்து தொங்கின. அவள் அதைப் பார்க்கவே இல்லை.

மலைக் கணவாயில், வெனிஸ்காரன் எல்லைக் கல்லைத் தாண்டிய பிறகுதான் நின்றார்கள். கீழே பள்ளத்தாக்கில் கோயில் இருந்த இடத்தில் புகை மட்டும் இருந்தது. நாலு தம்பிகளும் அந்தச் சாம்பலைக் கிளறிக்கொண்டிருந்திருப்பார்கள். எது கட்டை, எது எலும்பு என்று அவர்களுக்கும் தெரிந்திருக்காது. மியாத் ஒரு பாறையில் உட்கார்ந்தான். 

"அம்மா."

"என்னடா?"

"அவர் கத்தவே இல்லையே."

யேலா கீழே தெரிந்த புகையைப் பார்த்தாள்.

"முன்னாடி ஒரு தடவை கத்தினாரு, வெளியே கேட்டுது. நெருப்பு வெச்சப்புறம் ஒண்ணுமே கேக்கலை. நான் காதை வெச்சுட்டே நின்னேன்." அவன் தலையை நிமிர்த்தவில்லை. "நீ கொளுத்தறதுக்கு முன்னாடியே மீசை மாமா செத்துட்டாரா?"

ஒருமுறை இந்த வாய் உண்மையைச் சொல்லித்தான் பிள்ளை மலையேறிப் போனான். யேலா வாயில் ஊறின ரத்தத்தைத் துப்பினாள்.

"ஆமாடா. முன்னாடியே போயிட்டாரு. கண்ணைக்கூட நான்தான் மூடிவிட்டேன்."

மியாத் மூச்சை விட்டான். "நல்லவேளை," என்றான். பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டு, சின்னப் பிள்ளையில் அழுத மாதிரி வாய்விட்டு அழுதான். யேலா பக்கத்தில் உட்கார்ந்து, அவன் பொசுங்கின முடியை விரலால் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தாள்.

அவன் ஹைதூக் வேலையைத் தலைமுழுகிவிட்டான். கடற்கரையில் திராட்சை போட்டான், கல்யாணம் செய்தான், கிழவனாகித் தன் கட்டிலில் படுத்துச் செத்தான். எங்கள் ஜனத்தில் அந்தக் காலத்து ஆண்பிள்ளைகளில் அப்படிச் செத்தவர்கள் ரொம்பக் குறைச்சல். உயிரோடு ஒரு மனுஷனைக் கொளுத்தியவள் என்று யாராவது யேலாவைப் பேசினால், மியாத் கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு அடிக்கப் போவான்.

"பொணத்தைத்தான்டா கொளுத்தினா எங்கம்மா!" என்பான்.

யேலா அப்போது அங்கே இருந்தால் எழுந்து உள்ளே போய்விடுவாள்.